இயக்குநரின் ரத்தம் இயல்பானதே

இதய நாள ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு குழு வேண்டும். குழு உட்கார நாற்காலி வேண்டும். நாற்காலி வாங்க இன்னொரு குழு வேண்டும். அந்த இரண்டாவது குழு மூன்று வருஷமாக நின்றுகொண்டே கூடிக்கொண்டிருந்த காலத்தில்தான் புதிய கருவி வந்து இறங்கியது.

கருவி கொழுப்பு மேடத்துக்காக வந்தது. பெயரைக் கேட்டு யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். ரத்தத்தில் கொழுப்பு எப்படிப் பயணம் செய்கிறது என்று பதினான்கு வருஷமாக ஆராய்ந்துவரும் சாதுவான பெண்மணி அவர். புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரும் முதல் நாளே "உங்களுக்கு ரொம்பக் கொழுப்பாமே மேடம்" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார்கள். முதல் இரண்டு வருஷம் மேடமும் சிரித்துப் பார்த்தார்.

விஷயம் ஒன்றும் கஷ்டமில்லை. ரத்தம் பெரும்பாலும் தண்ணீர். கொழுப்பு தண்ணீரில் கரையாது. ஆகவே உடம்பு கொழுப்பைப் புரதத்தில் பொட்டலம் கட்டி ரத்தத்தில் மிதக்க விடுகிறது. அந்தப் பொட்டலத்துக்கு லிப்போபுரோட்டீன் என்று பெயர். அதில் ஒரு வகை, சரக்கை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு மிச்சத்தை ரத்தக் குழாயின் சுவரிலேயே இறக்கிவிட்டு வந்துவிடும். இன்னொரு வகை அந்தக் குப்பையைக் கூட்டி அள்ளிக்கொண்டு திரும்பும். முதல் வகை பெருத்துப்போனால் சுவருக்குள் கொழுப்பு படிந்து, புடைத்து, ஒருநாள் வெடித்துக் குழாயை அடைத்துவிடும். மேடத்தின் கணவர் குழாய் ஃபிட்டர். இதைக் கேட்டதும் அவர், "இதுக்கா பதினாலு வருஷம்? என்கிட்ட கேட்டிருந்தா சாயங்காலத்துக்குள்ள சொல்லியிருப்பேனே" என்றார்.

புதிய கருவியில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் இரண்டே நிமிஷத்தில் கெட்ட கொழுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடும். ஆனால் முதன்முதலாக அதை இயக்கும்போது, 'இதுதான் இயல்பு' என்று ஒரு மாதிரியை வைத்துக் காட்ட வேண்டும். அதன் பிறகு எல்லோரையும் அதோடு ஒப்பிட்டு மார்க் போடும். இதற்காகக் கருவி செய்தவர்கள் அளவு குறித்த ஒரு சின்னப் புட்டியையும் கூடவே அனுப்பியிருந்தார்கள்.

வரவேற்புக் கூட்டத்தில் இயக்குநர் அந்தப் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது யாரோட ரத்தம்?"

"தனியா யாரோடதும் இல்ல சார். பல பேரோடதைக் கலந்து, அளந்து..."

"ஊர் பேர் தெரியாதவங்க ரத்தத்தை வச்சு நம்ம ஆளுங்களை எடை போடறதா? ஏன், நம்ம நிறுவனத்தில ஆரோக்கியமான ஆள் ஒருத்தர்கூடக் கிடையாதா?"

ஆரோக்கியமானவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இயக்குநரை விடத் தான் ஆரோக்கியம் என்று சொல்லிக்கொள்ளும் தைரியம்தான் யாருக்கும் இல்லை.

நிர்வாக அதிகாரி தொண்டையைச் செருமினார். "உங்களைப் பக்கத்தில வச்சுக்கிட்டு வேற யாரை சார் தேடறது?"

"அப்படியா சொல்றீங்க?" என்று கேட்டு இயக்குநர் வெட்கப்பட்டார்.

'முதல் ஆரோக்கியர்' என்ற சான்றிதழ் திங்கட்கிழமையே அச்சாகிச் சட்டம் போட்டுச் சுவரில் ஏறிவிட்டது. ரத்தம் எடுக்கும் விழா வியாழக்கிழமை. இடையில் ஊசி குத்தும் ஒத்திகை இரண்டு முறை நடந்தது, இரண்டு முறையும் நிர்வாக அதிகாரியின் கையில். விழாவன்று இயக்குநர் விதிப்படி பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு வந்து, ஒலிபெருக்கி முன் நின்று, சட்டைக் கையை மடித்துக்கொண்டே பேசினார்.

"இந்த நிறுவனத்துக்கு என் வியர்வையைக் கொடுத்து வந்தேன். என் அறைக்குக் குளிர்சாதனம் வந்த பிறகு அது இயலாமல் போயிற்று. அந்தக் குறை என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று ரத்தத்தைக் கொடுத்து ஈடுசெய்கிறேன்!"

கைதட்டல் அடங்கியதும் மாதிரி எண் ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அங்கே இருபத்திரண்டு வருஷமாகச் சுழல் இயந்திரத்தை ஓட்டும் பெண்மணி ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் சுழல் அக்கா. பழைய வழக்கப்படி முதலில் அக்கா அந்த ரத்தத்தைச் சுழல விட்டார். சுழன்று நின்றால் கண்ணாடிக் குழாயில் ஒவ்வொரு வகைப் பொட்டலமும் தனித்தனி வளையமாகப் பிரிந்து நிற்கும்.

"மேடம், கொஞ்சம் இங்க வாங்க" என்று அக்கா கூப்பிட்டார். "இது ரத்தமா, வெண்ணெயா?"

கெட்ட கொழுப்பின் வளையம் நூல் மாதிரி இருக்க வேண்டியது. விரல் தடிமனுக்கு ஆரஞ்சு நிறத்தில் திரண்டு நின்றது. அளந்தார்கள். இருநூற்று நாற்பத்தாறு. நூறு இருந்தால் நிம்மதி, நூற்றறுபதைத் தாண்டினால் கவலை. மேடம் மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் இருநூற்று நாற்பத்தாறு.

மாடிப்படியின் நடுவில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. தினமும் ஏறும்போது இயக்குநர் அதன் எதிரே ஐந்து நிமிஷம் நின்று படிப்பார். பெரிய படிப்பாளி என்று எல்லோருக்கும் மரியாதை. அந்தப் பலகையில் இரண்டு வருஷமாக இருப்பதோ 'குடை காணவில்லை' என்ற ஒரே அறிவிப்பு. அதைப் படித்தபடி அவர் இடது தோளைத் தடவிக்கொண்டு மூச்சு வாங்குவது மேடத்துக்கு இப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷர் ஒருநாள் இந்தப் படியிலேயே விழுந்து செத்துப்போவார். இதை யாராவது அவரிடம் சொல்லியாக வேண்டும்.

நேராக நிர்வாக அதிகாரியிடம் போனார்.

"அது எப்படிங்க அதிகமா இருக்கும்?" என்றார் அதிகாரி. "சான்றிதழ் திங்கட்கிழமை வந்தது. ரத்தம் வியாழக்கிழமை வந்தது. எது சீனியர்?"

"சார், அவர் உயிர் போற விஷயம். அவர்கிட்ட நான் சொல்லணும்."

"அது நெறிமுறைக் குழுத் தலைவர் அனுமதிக்கணும்."

"அவர் எங்க இருக்கார்?"

அதிகாரி மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையைத் திருப்பி வைத்தார். மறுபக்கத்தில் 'நெறிமுறைக் குழுத் தலைவர்' என்று எழுதியிருந்தது. குரலையும் ஒரு படி தணித்துக்கொண்டார். "சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?"

மேடம் முதலிலிருந்து சொன்னார்.

"ரத்தம் கொடுத்தவர் யாருன்னு ஆராய்ச்சியாளருக்குத் தெரியவே கூடாது. அதுதான் நெறிமுறை. மாதிரி எண் ஒன்று யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"சுவர்ல சான்றிதழ் மாட்டியிருக்கே சார். கீழே பேர் போட்டிருக்கே."

"நீங்க பார்த்திருக்கக் கூடாது" என்றார் தலைவர். வருத்தமாகவே சொன்னார்.

அனுமதி கிடைக்கவில்லை. மேடம் அனுமதி இல்லாமலே இயக்குநர் அறைக்குள் போனார்.

"சார், உங்க கெட்ட கொழுப்பு இருநூத்தி நாப்பத்தாறு."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "நிறுவனத்திலேயே அதிகமா?"

"ஆமா சார், ஆனா..."

"போன வருஷம் கட்டுரை எண்ணிக்கையிலயும் நாமதான் அதிகம்!"

"சார், இது அதிகமா இருக்கக் கூடாது. தயவுசெஞ்சு ஒரு இதய மருத்துவரைப் பாருங்க. படி ஏறும்போது நெஞ்சு அடைக்குதா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். ஒரு நிமிஷம் அந்த அறையில் இயக்குநரைக் காணவில்லை. நரைத்த மீசையோடு ஒரு மனுஷர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"எங்கப்பா அம்பத்தொண்ணுல போயிட்டார்" என்றார் ஜன்னலைப் பார்த்து. "எனக்கு இப்ப அம்பது."

மேடம் வாயைத் திறப்பதற்குள் தொலைபேசி அடித்தது. "இயக்குநர் பேசுகிறேன்" என்று சொன்னதும் அந்த மனுஷர் போய்விட்டார். பேசி முடித்து வைத்தவர் பழைய ஆள்தான்.

"மேடம், அந்த ரத்தம் என்னோடதுன்னு நினைச்சீங்கன்னா அது உங்க தப்பு. கொடுத்த நிமிஷத்திலேயே அது பதவியோடது. பதவிக்கு எப்படிங்க நோய் வரும்?"

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. கருவிக்கு மாதிரி எண் ஒன்றையே இயல்பாகக் காட்ட வேண்டும்; அதற்கு நூறு மதிப்பெண்; மற்ற ஊழியர்கள் அனைவரும் ஒரு வாரத்துக்குள் பரிசோதனைக்கு வர வேண்டும். மேடம் தொடுவதற்கு முன்பே நிர்வாக அதிகாரி வந்து தன் கையாலேயே பொத்தானை அழுத்தினார். பழைய புட்டி அலமாரிக்குள் போனது.

நானூற்றுப் பன்னிரண்டு பேரில் பதினாறு பேர் இயக்குநரை ஒட்டி வந்தார்கள். அவர்கள் சட்டையில் 'இயல்பு' என்ற வில்லை குத்தப்பட்டது. நிர்வாக அதிகாரியும் அதில் ஒருவர். மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றாறு பேருக்கும் 'கொழுப்புக் குறைபாடு' என்று ஓலை போயிற்று. எல்லோரிலும் மோசம் வாசல் காவலர். அவருடைய அளவு உண்மையில் தொண்ணூறு. கருவி முப்பத்தேழு என்று காட்டிச் சிவப்பு விளக்கை எரிய விட்டது.

"தினமும் பத்து மைல் சைக்கிள் மிதிச்சுக்கிட்டு வர்றேன் மேடம்" என்று காவலர் வந்து அழாத குறையாகச் சொன்னார். "வியாதிக்கு அந்த சைக்கிள்தான் காரணமாம். பிடுங்கிப் பூட்டி வச்சுட்டாங்க."

"உங்களுக்கு ஒரு வியாதியும் இல்ல அண்ணே."

"அப்ப யாருக்கு?"

மேடம் மேலே விரலைக் காட்டினார். காவலர் கடவுளைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நோய் என்று வந்தால் நிவாரணமும் வர வேண்டும் அல்லவா? 'எண்ணெய்த் திட்டம்' வந்தது. தினமும் பதினோரு மணிக்குக் குறைபாடு உள்ளவர்கள் வரிசையில் நின்று, மேற்பார்வையாளர் முன்னிலையில் ஆளுக்கு மூன்று கரண்டி எண்ணெய் குடித்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணெய்க் கையால் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பதிவேடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. முதல் பக்கத்தைத் திறந்தால் மூன்றாம் மாதம் வரைக்கும் தெரிந்தது. மூன்று கரண்டிக்குப் பதில் இரண்டே குடித்த ஒரு தட்டச்சர்மேல் விசாரணை நடந்தது.

மேடம் எட்டுக் கடிதம் எழுதினார். ஏழுக்குப் பதில் இல்லை. எட்டாவது கடிதத்தில் எண்ணெய்க் கறை இல்லையென்று விளக்கம் கேட்டார்கள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல" என்றார் கணவர், சாப்பிடும்போது. "குழாய் அடைச்சிருந்தா நாங்க அடைச்சிருக்குன்னு சொல்லுவோம். உங்க ஆளுங்க என்ன சொல்லுவாங்க?"

"குழாயின் விட்டம் மறுவரையறை செய்யப்பட்டதுன்னு சொல்லுவோம்."

கணவர் சிரிக்கவில்லை. "அந்த மனுஷனுக்கு வீட்ல யாராவது இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு இருக்கா. காலேஜ் கடைசி வருஷம்."

"அப்ப விடாதே. திட்டினாலும் பரவாயில்ல, திரும்பத் திரும்பப் போய்ச் சொல்லு."

மேடம் திரும்பத் திரும்பப் போனார். மூன்றாவது தடவை, இயக்குநர் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு 'கொழுப்பு தொடர்பாக வருவோர் காத்திருக்கவும்' என்று எழுதி வைத்தார்கள். நாற்காலிக் குழு வாங்கிய முதல் நாற்காலி அது. சக்கரம் வைத்தது. ஐந்து வருஷ உத்தரவாதம்.

எண்ணெய்த் திட்டத்தின் நூறாவது நாள் வந்தது. மாடிக் கூடத்தில் கொண்டாட்டம். இயக்குநர் படியேறினார். அறிவிப்புப் பலகை முன் நின்றார். குடையைப் பற்றி இரண்டாவது தடவை படிக்கும்போது அப்படியே பலகையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்திருந்தது. வேர்வை ஆறாக ஓடியது. அதைப் பார்த்துப் பின்வரிசையில் யாரோ, "மறுபடியும் வியர்வை கொடுக்கறார்" என்று கைதட்டினார்கள்.

"கருவியைக் கொண்டு வாங்க!" என்று கத்தினார் நிர்வாக அதிகாரி.

நான்கு பேர் கருவியைத் தூக்கி வந்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் விட்டார்கள். இரண்டு நிமிஷம் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். இயக்குநர் மட்டும் மூச்சுக்குத் தவித்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"நூறு! சார், உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நூத்துக்கு நூறு!"

"நூறா?" என்று முனகினார் இயக்குநர். இடது கை மரத்துத் தொங்கியது. "சந்தோஷம்..."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்றார் மேடம்.

"ஆம்புலன்ஸ் நோயாளிக்குத்தாங்க வரும். இயல்பா இருக்கறவருக்கு எந்த விதியில கூப்பிடறது?"

"அண்ணே!" என்று மேடம் கீழே பார்த்து ஒரு குரல் கொடுத்தார். காவலர் மூன்று மூன்று படியாகத் தாவி வந்தார். எண்ணெய் குடித்த நூறு நாளும் அந்தக் கால்களை ஒன்றும் செய்யவில்லை. சுழல் அக்கா சக்கர நாற்காலியை உருட்டி வந்தார். இயக்குநரை அதில் தூக்கி உட்கார வைத்து, கீழே இறக்கி, சாலையைக் கடந்து எதிரே இருந்த மருத்துவமனைக்கு மூன்று பேருமாகத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பின்னாலேயே நிர்வாக அதிகாரியும் ஓடி வந்தார், நாற்காலியை வளாகத்துக்கு வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சொல்லிக்கொண்டே.

பெரிய குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. கம்பி வலை வைத்துத் திறந்தார்கள். வெளியே வந்த மருத்துவர், "இன்னும் அரை மணி விட்டிருந்தா கையை விரிச்சிருப்போம்" என்றார். "இது பரம்பரையா வர்ற வகை. பிள்ளைங்க இருந்தா அவங்களுக்கும் பார்த்துடுங்க."

மறுநாள் நிறுவனத்தில் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. 'இயக்குநர் அவர்கள் எதிர்ப்புற மருத்துவமனையை ஆய்வு செய்யச் சென்றுள்ளார். இயக்குநரின் ரத்தம் இயல்பானதே.'

அதைப் படித்துவிட்டு மேடம் ஆய்வுக்கூடக் கதவைச் சாத்தினார். அலமாரியைத் திறந்து அந்தச் சின்னப் புட்டியை எடுத்தார்.

"மேடம், மாட்டிக்குவோம்" என்றார் சுழல் அக்கா.

"யார் பார்க்கப்போறா அக்கா? நூறு நாள்ல ஒரு குழுவாவது இந்த ரூமுக்குள்ள வந்துச்சா?"

"அதுவும் சரிதான். தள்ளுங்க, நானே வைக்கிறேன்."

அடுத்த வாரப் பரிசோதனையில் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு பேரும் ஒரேயடியாக இயல்பாகிவிட்டார்கள். பாவம், காவலருக்கு மட்டும் தொண்ணூறு நூற்று நான்காக ஏறியிருந்தது. நிறுவனம் விழாக்கோலம் பூண்டது. பதினாறு பேருக்குச் சிவப்பு விளக்கு எரிந்ததை மட்டும், 'இயல்பையும் தாண்டிய ஆரோக்கியம்' என்று அறிக்கையில் எழுதினார்கள். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்த இயக்குநர், மெலிந்த குரலில் பேசினார்.

"உலகத்திலேயே முதன்முறையாக, ஒரு நிறுவனம் முழுவதையும் எண்ணெயாலேயே குணப்படுத்தியிருக்கிறோம்! நான் இல்லாதபோதும் என் ரத்தம் இங்கே பணியாற்றியது."

மேடத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கொடுக்கும்போது இயக்குநர் அவர் காதருகே குனிந்து, "நாளைக்கு என் பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன். பின்படி வழியா" என்றார்.

வந்தார்கள். இருபத்தோரு வயசுப் பெண். தோளில் பை, கையில் பாதி கடித்த ஆப்பிள். சாப்பிடக் கூடாது என்று அப்பா சொல்லவே இல்லையாம். மறுநாள் வெறும் வயிற்றோடு மறுபடி வந்து கையை நீட்டினாள். அக்கா சுழல விட்டார். மாலையில் குழாய் வெளியே வந்தது. ஆரஞ்சு வளையம், அதே தடிமன். இருநூற்று முப்பத்தொன்று.

"இது நார்மலாப்பா?" என்று கேட்டாள் மகள்.

இயக்குநர் மேடத்தைப் பார்த்தார். மேடம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பதிலை இந்தத் தடவை அவர் சொல்வதாக இல்லை.

"இல்லம்மா" என்றார் இயக்குநர். கடைசியில் சொல்லிவிட்டார். "எனக்கும் இல்ல."

"பயப்படாதேம்மா" என்றார் மேடம். "இப்பவே தெரிஞ்சுபோச்சு. மாத்திரை இருக்கு. ஒழுங்கா பார்த்துக்கிட்டா நீ கிழவியாகி எங்களையெல்லாம் திட்டலாம்."

பெண் சிரித்தாள். இயக்குநர் அறிக்கையை வாங்கி நான்காக மடித்தார். "இதைப் பைக்குள்ள வச்சுக்கோ. பின்படியிலயே இறங்கிடலாம்."

"ஏம்பா?"

"வெளியில தெரிஞ்சா... நிறுவனத்தோட பேரு..."

"தாத்தா அம்பத்தொண்ணுல போனாரே, அவரும் பின்படியிலதான் போனாராப்பா?"

இயக்குநர் ஏதோ சுற்றறிக்கையைத் தேடுபவர் போலச் சட்டைப்பையைத் தடவினார். மகள் அவர் கையிலிருந்த அறிக்கையை எடுத்துப் பிரித்து, பிரித்தபடியே பிடித்துக்கொண்டு முன்படி வழியாக இறங்கினாள். அவள் பின்னாலேயே இயக்குநரும் இறங்கினார், ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

கீழே நிர்வாக அதிகாரி எழுந்து கும்பிட்டார். "வாங்கம்மா! சௌக்கியமா?"

"இல்ல அங்கிள். இருநூத்தி முப்பத்தொண்ணு. அப்பாவுக்கு இருநூத்தி நாப்பத்தாறு, அதான் நெஞ்சு அடைச்சது. உங்களுக்கு எவ்வளவு?"

கூடம் முழுக்கக் கேட்டது. அதிகாரியின் கை தானாகவே சட்டையில் இருந்த 'இயல்பு' வில்லையைத் தடவியது. அவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மறுக்கவில்லை.

கால் மணி நேரத்தில் ஆய்வுக்கூட வாசலில் பதினாறு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குழு எதுவும் கூடவில்லை. முதலில் நின்றவர் நிர்வாக அதிகாரி.

"பேர்?" என்று கேட்டார் சுழல் அக்கா, பதிவேட்டைத் திறந்து.

"எழுதாதீங்கம்மா" என்று அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "நான் இங்க வரவே இல்ல."

"வராதவர் கையை நல்லா நீட்டுங்க" என்றார் மேடம், ஊசியை எடுத்துக்கொண்டே.